வீட்டு கராஜுக்கு ஹொயிஸ்ட் வாங்கப் போறீங்களா? மொதல்ல தரையில ஒரு ஓட்டை போட்டுப் பாருங்க

போன மாசம் மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க, "அண்ணே, வீட்ல ஒரு ஹொயிஸ்ட் போட எவ்வளவு சல்லி போகும்"னு. ஹொயிஸ்ட்ன்னா அடியில நின்னு வேல செய்ய கார அப்படியே மேல தூக்கி நிறுத்துற மெசின். சல்லியப் பத்தி எல்லாரும் கேக்குறாங்க, தரையப் பத்தி ஒருத்தரும் கேக்கல, அதுக்காகவே இத எழுதுறேன். நான் மெக்கானிக் கெடையாது, தேயில ஃபெக்டரியில ஃபிட்டர், லீவு நாள்ல வீட்டுக்குப் பின்னால இருக்குற கராஜ்ல சொந்தக்காரங்க வாகனத்த நோண்டுறவன், அவ்வளவுதான். இலங்கையில 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, பொறகு 2025லதான் தனியார் காருக்கு மறுபடி தொறந்தாங்க, அந்த அஞ்சு வருசமும் எல்லாரும் இருக்குற பழச வச்சே ஓட்டினாங்க, அப்பத்தான் எனக்கு ஜக்க வச்சுக்கிட்டு சேத்துல மல்லாக்க படுத்து படுத்து முதுகு விட்டுப்போய் ஹொயிஸ்ட் யோசனை வந்துச்சு.

ஒங்களுக்கு அது வேணுமா

வருசத்துக்கு ரெண்டு தடவ ஆயில் மாத்துறதுக்குன்னா வேணாம். நல்ல டிரொலி ஜக் ஒண்ணு, ஜக் ஸ்டாண்ட் நாலு, அது போதும். பிரேக், சஸ்பென்சன், சைலன்சர், அடிப்பக்கம் துரு சுரண்டி பெயிண்ட் அடிக்கிறதுன்னு மாசம் மாசம் வேல இருந்தா ஹொயிஸ்ட் பெறுமதியானதுதான்.

சிலபேர் "குழி தோண்டிட்டா சும்மா முடிஞ்சிரும்"னு சொல்றாங்க. நம்ம ஊர்ல குழி சரிவராது. மழை மாசத்துல சுவர்ல இருந்து ஊத்தா தண்ணி கசியும், அத விட மோசம், பெட்ரோல் ஆவி காத்த விட கனம், அது கீழ எறங்கி குழியிலேயே தங்கும், ஒரு லைட் பல்ப் ஒடஞ்சா போதும்.

டேப்ப எடுத்து அளங்க

கார் ஒசரம், தூக்குற ஒசரம், மேல ஒரு பத்து சென்டிமீட்டர் எடவெளி, மூணையும் கூட்டுங்க. டொயோட்டா அக்வா கிட்டத்தட்ட 1.45 மீட்டர் ஒசரம், நீங்க நிமிந்து நிக்க 1.7 மீட்டராவது தூக்கணும், ஆக 3.25 மீட்டர், அதாவது பத்தடி எட்டு அங்குலம். சுசுகி வேகன் ஆர் இன்னும் ஒசரம், 1.65 கிட்ட வரும். தகரக் கூரைன்னா சரிவுல தாழ்ந்த பக்கத்த அளங்க, நடுவுல அளந்துட்டு சந்தோசப்படாதீங்க. பின் கதவு மேல தொறக்குற காருன்னா அதையும் சேத்துக்குங்க. அகலம், ரெண்டு தூண் ஹொயிஸ்ட்டுக்கு தூணோட வெளிப்பக்கம் தொட்டு வெளிப்பக்கம் ஏறக்கொறைய 3.4 மீட்டர் வரும், அதுக்கு மேல ஆள் நடக்க எடம் வேணும்.

தரை. இதத்தான் ரெண்டு தரம் வாசிங்க

ரெண்டு தூண் ஹொயிஸ்ட் முழுக்க முழுக்க தரையில போல்ட்ட நம்பித்தான் நிக்குது. காரோட பாரம் தூண நேரா அமுக்கிறதோட நிக்காம, கார ஏந்துற கைகள் தூண்ல இருந்து உள்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்குறதால தூண உள்ள சாய்க்கப் பாக்கும், அந்த இழுவைய தாங்குறது போல்ட்டும் அத புடிச்சிருக்குற கொங்கிரீட்டும். பொதுவா கம்பனிக்காரங்க கேக்குறது குறைஞ்சது நாலு அங்குல தடிப்பு, 3000 பிஎஸ்ஐ பலம், அதாவது ஒரு சதுர அங்குலம் 3000 பவுண்ட் அழுத்தம் தாங்கணும். நான் சொல்றது ஆறு அங்குலம், கம்பி வலை போட்டு, கிரேட் 25 கொங்கிரீட்.

என் கதைய சொல்றேன். கராஜ் தரைய போட்டு ஏழெட்டு வருசம் ஆச்சு. போட்ட மேசன் பாஸ்கிட்ட கேட்டேன், "தம்பி, நாலு அங்குலம் கண்டிப்பா இருக்கும், நான்தானே போட்டேன்"னார். சரின்னு ஹொயிஸ்ட்ட கொண்டாந்து எறக்கியாச்சு, ஹெமர் டிரில்ல வச்சு மொத ஓட்டை. சாம்பல் தூள் வருது, வருது, ரெண்டரை அங்குலத்துல டிரில் படக்குன்னு உள்ள போயிருச்சு, கை முட்டி தரையில இடிச்சு தோல் உரிஞ்சதுதான் மிச்சம். வெளிய இழுத்தா பிட் நுனியில செம்மண், ஈரமா, ஒட்டிக்கிட்டு. ரெண்டாவது ஓட்டை மூணு அங்குலம், மூணாவது ரெண்டு. பாஸ் வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல, டீ மட்டும் குடிச்சிட்டு போனார். நாலு மாசம் ஹொயிஸ்ட் தார்பாய்க்குள்ள கெடந்துச்சு.

ஆக வாங்குறதுக்கு முந்தியே தூண் வரப்போற ரெண்டு எடத்துலயும் சின்ன பிட்டால ஓட்டை போட்டு, வளைச்ச கம்பியால அடிய கொளுவி தடிப்ப அளந்து பாருங்க. பத்தலன்னா தூணுக்கு கீழ மட்டும் சின்னதா வெட்டி ஊத்துறத விட, ரெண்டு தூணுக்கும் சேத்து தரைய ஒடைச்சு ஒரே கொங்கிரீட் பலகையா ஊத்துறதுதான் எனக்கு மனசுக்கு ஒத்துச்சு. ஊத்தினா 28 நாள் காத்திருங்க, மொத கெழம தண்ணி ஊத்தி சாக்கு போட்டு ஈரமா வச்சிருங்க. மேல காஞ்சிட்டு தானேன்னு அவசரப்பட்டு போல்ட் முறுக்குனா, கொங்கிரீட் பிஸ்கட் மாதிரி ஒடையும்.

இதுல மலைநாட்டுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. நம்ம வீடுகள்ல பாதி எடம் மேட்ட வெட்டினது, மீதி பாதி அந்த மண்ணையே பள்ளப் பக்கம் போட்டு நிரப்பினது. வெட்டின பக்கம் மண் கல்லு மாதிரி இருக்கும், நிரப்பின பக்கம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும். ஒரு தூண் அங்க ஒரு தூண் இங்கன்னு வச்சா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. தரையில நீளவாக்குல ஒரு வெடிப்பு ஓடுதா பாருங்க, பெரும்பாலும் அதுதான் வெட்டினதுக்கும் நிரப்பினதுக்கும் எல்லை. ரெண்டு தூணும் மேட்டுப் பக்கம் வர்ற மாதிரி காரோட திசைய மாத்துங்க. வெடிப்புக்கு கிட்டவோ, பலகை ஓரத்துக்கு கிட்டவோ போல்ட் போடக் கூடாது. புதுசா மேட்ட வெட்டி கராஜ் கட்டப் போறீங்கன்னா, நுவரெலியா, பதுளை, கண்டி மாதிரி மண்சரிவு மாவட்டங்கள்ல தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட அறிக்கை வேணும், பிரதேச சபையில கேட்டா வழி சொல்லுவாங்க. அலைச்சல்தான், ஆனா பின்னால இருக்குற மேடு வந்து கராஜுக்குள்ள குந்திக்கிட்டா ஹொயிஸ்ட்ட வச்சு அத தூக்க ஏலாது.

எந்த மாதிரி

ரெண்டு தூண்: நாலு டயரும் தொங்கும், அடியில எல்லா எடமும் கைக்கு எட்டும், வேல செய்ய இதுதான் ராசா. கூரை தாழ்வுன்னா கீழ தகடு போட்டு ரெண்டு தூணையும் இணைக்கிற மாடல எடுங்க, அதுல தூண் 2.8 மீட்டர் ஒசரத்தோட நிக்கும். மேல குறுக்குச் சட்டம் வர்றதுக்கு 3.6 மீட்டருக்கு மேல கூரை வேணும்.

நாலு தூண்: கார் டயர்லயே நிக்கும், பாதுகாப்பு கூட, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கார் நிப்பாட்டலாம். ஆனா டயர் கழட்டணும்னா நடுவுல இன்னொரு ஜக் வாங்கணும்.

சிசர்: கத்திரிக்கோல் மாதிரி விரியிறது. பாதி ஒசரம் தூக்குற வகை ஒரு மீட்டர் சொச்சம் போகும், டயர், பிரேக் வேலைக்கு ரொம்ப வசதி, ஆனா நடுவுல அதுவே அடைச்சுக்கிட்டு நிக்கிறதால கியர்பொக்ஸ், சைலன்சர் வேலைக்கு கஷ்டம். இதுல உருட்டிக்கிட்டு போற மாதிரி, தரையில போல்ட் அடிக்காத வகை இருக்கு. தோட்டத்துக் காணியில, கையில காணி உறுதிப் பத்திரம் இல்லாம இருக்குறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன். நாளைக்கு எழும்பிப் போங்கன்னா கொங்கிரீட்ட தூக்கிக்கிட்டு போக ஏலாது, இத லொறியில ஏத்திரலாம்.

பாரம், வேகன் ஆர் 800 கிலோ கிட்ட, அக்வா 1,100 கிட்ட, ஹைலக்ஸ் டபுள் கெப் ரெண்டு டொன் அளவுல. 4 டொன் ஹொயிஸ்ட்னா எல்லாத்துக்கும் போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்குங்க, 4 டொன்ங்கிறது நாலு கைக்கும் சேத்து, ஒரு கைக்கு ஒரு டொன்தான்.

கரண்ட்

வீட்டு லைன் சிங்கிள் பேஸ், 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மோட்டர் தகட்டுல இதுவே இருக்கான்னு பாருங்க, 60 ஹேர்ட்ஸ்னும் 110 வோல்ட்னும் இருந்தா அமெரிக்காவுக்குப் போனது, விட்ருங்க. பழைய சேர்விஸ் ஸ்டேசன் சாமான் நெறைய மூணு பேஸ். 2.2 கிலோவொட் மோட்டருக்கு மெயின் போர்ட்ல இருந்து தனி வயர், தனி பிரேக்கர், டிரிப் சுவிட்ச், நல்ல இயர்த். கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், லைனோட கடைசி வீடுன்னா பின்னேரம் எல்லாரும் லைட் போட்ட நேரத்துல மோட்டர் உறுமிக்கிட்டு நிக்கும், தூக்காது. அப்படி நின்னா ஒடனே சுவிட்ச விடுங்க, காயில் கருகும்.

இன்னொண்ணு. 2022ல பதிமூணு மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்களே, அந்த நேரத்துல மச்சானோட வேகன் ஆர் மேல லொக்ல, அதாவது தூக்கின ஒசரத்துலயே கார தாங்கிப் புடிக்கிற கொக்கியில, நிக்குது, கரண்ட் போச்சு. நான் நெனச்சேன், எறக்குறதுக்கு கரண்ட் தேவையில்லையே, ஆயில தொறந்துவிட்டா தானா எறங்கும்னு. எறங்கும், ஆனா லொக்க கழட்ட கார மொதல்ல ரெண்டு அங்குலம் மேல தூக்கணும், தூக்க கரண்ட் வேணும். மச்சான் ராத்திரி பஸ்ல போனான். வாங்கும்போதே கை பம்ப் வசதி இருக்கா கேளுங்க.

பழசு வாங்குறதா இருந்தா

நான் வாங்கினதே பழசுதான், "புதுசு மாதிரி"ன்னு சொல்லி வித்தாங்க, பிரிச்சுப் பாத்தா ரெண்டு பக்கத்தையும் சமமா ஏத்துற இரும்பு கேபிள் ஒண்ணுல நாலஞ்சு இழை அறுந்து முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. பழந்துணிய கேபிள சுத்திப் புடிச்சு இழுத்துப் பாருங்க, துணி கொளுவினா இழை அறுந்திருக்கு. வெறுங்கையால தடவாதீங்க. பெறகு வெல்டிங் ஓரத்துல மயிர் மாதிரி வெடிப்பு, சிலிண்டர் அடியில ஆயில் கசிவு, கைய அசையாம புடிக்கிற பல்லு தேஞ்சிருக்கா, பாரம் எழுதின தகடு இருக்கா. தகட்ட கழட்டியிருந்தா நான் வாங்க மாட்டேன். புதுசுன்னா ஐரோப்பிய தரமான ஈ.என் 1493 போட்டிருக்கா பாருங்க.

பொருத்துறது புது ஆளோட வேலையில்ல, தெரிஞ்ச ஒருத்தர கூப்புடுங்க. பக்கத்துல நின்னு ரெண்டு விசயம் பாத்துக்குங்க: போட்ட ஓட்டைக்குள்ள இருக்குற தூள சைக்கிள் பம்பால ஊதி எடுக்குறாங்களா, போல்ட்ட டோர்க் ரெஞ்சால, அதாவது எவ்வளவு இறுக்கம்னு காட்டுற ஸ்பேனரால, மெனுவல்ல இருக்குற அளவுக்கு முறுக்குறாங்களா.

தூக்குறது

1. கார காலி பண்ணுங்க. டிக்கியில அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் இருந்தா நிறைய பின்னுக்கு இழுக்கும்.

2. தூணுக்கு நடுவுல நேரா ஓட்டுங்க. நம்ம சின்ன கார்ல எஞ்சின் முன்னால, அதனால பாரத்தோட நடு கிட்டத்தட்ட முன் சீட்டுக்கு கீழ விழும், அந்த எடம் தூணுக்கு நேரா வரணும்.

3. தூக்குற எடத்த கண்டுபுடிங்க. கதவுக்கு கீழ ஓடுற தகர மடிப்புல முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு ரெண்டு வெட்டு அடையாளம் இருக்கும், அதுக்கு நடுவுலதான் ஹொயிஸ்ட் கை நுனியில இருக்குற ரப்பர் பேட் வரணும். சேறும் மழையுமா ஓடின காருன்னா அந்த எடத்த ஸ்குரூ டிரைவர் புடியால தட்டிப் பாருங்க, டங்குன்னா சரி, சொத்துன்னு சத்தம் வந்தா உள்ள துரு தின்னிருக்கு, அங்க தூக்காதீங்க. ஹைப்ரிட்ல அடியில ஆரஞ்சு நெற வயர் ஓடும், ஹை வோல்டேஜ், அதுல பேட் படவே கூடாது.

4. நாலு பேட்டும் ஒரே நேரத்துல முட்டுற மாதிரி ஒசரத்த சரிபண்ணுங்க. டயர் தரைய விட்டு நாலு அங்குலம் எழும்பினதும் நிப்பாட்டுங்க. பம்பர புடிச்சு முன்ன ஒரு ஆட்டு, பின்ன ஒரு ஆட்டு. கிறீச்சின்னாலோ சரிஞ்சாலோ எறக்கி மறுபடி வைங்க. சோம்பல் பட்டு இத விடுறவங்கதான் கார கீழ போடுறவங்க.

5. மேல தூக்குங்க, லொக் ரெண்டு பக்கமும் டக் டக்னு விழுற சத்தத்த கேளுங்க, ஒரு பக்கம் மட்டும் கேட்டா நிப்பாட்டுங்க. வேணுங்கிற ஒசரம் வந்ததும் கொஞ்சம் எறக்கி லொக்ல உக்கார வைங்க. ஆயில் பிரஷர்ல மட்டும் நிக்கிற காருக்கு கீழ நான் தலைய நீட்ட மாட்டேன், நீங்களும் நீட்டாதீங்க.

6. எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு மாதிரி கனமானத கழட்டினா நிறை மாறும், காரு தலைகீழா கவிழப் பாக்கும். அதுக்கு முந்தியே ஒசரமான ஸ்டாண்ட் கொடுங்க.

கார் சறுக்க ஆரம்பிச்சா புடிக்கப் போகாதீங்க, ஓடுங்க. கார் போனா போகட்டும்.

எறக்குறது

கீழ சாமான், வயர், புள்ளைங்க, நாய் எதுவும் இல்லையான்னு சுத்தி ஒரு நட நடந்து பாருங்க. எங்க வீட்டு பூனை சூடுன்னு எஞ்சினுக்கு கீழ வந்து படுத்துக்கும். கொஞ்சம் மேல தூக்கி, ரெண்டு லொக்கையும் கழட்டி, லீவர புடிச்சுக்கிட்டே எறக்குங்க, கண்ணு கார்ல இருக்கணும் ஃபோன்ல இல்ல. கைய எடுத்தா நிக்கிற மாதிரிதான் அந்த லீவர செஞ்சிருக்காங்க, அத கயித்தால கட்டி வச்சிட்டு பீடி பத்த வைக்கிற ஆள நான் பாத்திருக்கேன்.

மாசம் ஒருக்கா

போல்ட் தளர்ந்திருக்கா, ரெண்டு கேபிளும் ஒரே இறுக்கமா, பேட் வெடிச்சிருக்கா, ஆயில் மட்டம். இங்க மூடுபனி உள்ள வந்து தூண் எல்லாம் வேர்த்து நிக்கும், கேபிளுக்கு கிரீஸ் பூசாட்டி துரு புடிக்கும். நுவரெலியா பக்கம் தை மாசத்து விடியக்காலையில பனி கொட்டுறப்ப ஆயில் தடிச்சு ஹொயிஸ்ட் ஆமை மாதிரி ஏறும், மெனுவல் ஒத்துக்கிட்டா 46 நம்பர் ஹைட்ரோலிக் ஆயிலுக்கு பதிலா இன்னும் எளகின 32 நம்பர் ஊத்துங்க. இடி மின்னல் நேரம் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிருங்க. ஆயுத பூசைக்கு நான் தூண் ரெண்டுக்கும் பொட்டு வச்சு, ஃபெக்டரியில மெசினுக்கு காவல் சாமியான ரோதமுனிக்கு ஒடைக்கிற மாதிரி ஒரு தேங்காயும் ஒடைப்பேன், ஒடைச்ச கையோட போல்ட்டையும் ஒரு தரம் டோர்க் ரெஞ்சால பாத்துக்குவேன்.