பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் போதும்

பால் குடித்தால் வயிறு உப்புசம் என்று பாலையே விட்டவர்கள், எலும்புக்கான கால்சியத்துக்கு வீட்டில் உறை ஊற்றிய தயிரைச் சாப்பிடலாம். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை நீக்கிய விலை கூடிய பால் தேவையில்லை. 100 கிராம் தயிரில் கால்சியம் ஏறக்குறைய பாலில் உள்ள அளவுதான்.

பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பலருக்கும் குறைந்துவிடுகிறது. அது மரபணு விஷயம். பெரியவர்களாகியும் நொதி தொடரும் மரபு வடமேற்கு இந்தியாவில் அதிகம், தெற்கே வரவர குறைவு. ஆகவே இதை நோய் என்று பயப்பட வேண்டாம். தயிர் உறையும்போதே பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்துவிடும், மீதியைச் செரிக்கவும் குடலுக்குள் கைகொடுக்கும். கூடவே கீரை, பயறு என்று நார்ச்சத்தும் இருந்தால், பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதிலிருந்து உண்டாக்கும் அமிலங்கள் கால்சியம் கரைந்து உறிஞ்சப்பட உதவும்.

மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும், கால்சியம் மட்டும் மிஞ்சும். நீர்மோரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் பாதிக்கு மேல் தண்ணீர்!

பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தயிரும் ஆகாது. வைட்டமின் டி குறைவாக இருந்தாலோ, எலும்பு அடர்த்தி ஏற்கெனவே குறைந்திருந்தாலோ தயிர் மட்டும் போதாது. மாதவிடாய் நின்றவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்த வரலாறு உள்ளவர்கள் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.