ஏரி தூர் வாரும்போது ஆமையைக் கவனியுங்கள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயலுக்கு நடுவில் இருக்கும் சின்னக் குட்டையைக்கூட ஏரி என்றுதான் சொல்வோம். எங்கள் தென்னந்தோப்பை ஒட்டியும் ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஏப்ரல் மாதம் அதைத் தூர் வாரினோம். வெடித்துக் கிடக்கும் தரையில் என்ன இருக்கப்போகிறது என்று பொக்லைனை நேராக இறக்கிவிட்டேன். மதியத்துக்குள் கரையில் கொட்டிய மண்ணில் ஓடு பிளந்த மூன்று ஆமைகள். ஒன்று அப்போதும் கழுத்தை அசைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

தண்ணீர் வற்றினால் நம் குளம் குட்டைகளில் இருக்கும் பாலாமை எல்லாமே வேறு தண்ணீர் தேடிப் போய்விடுவதில்லை, பல சேற்றுக்குள் இறங்கி மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். அதனால் காய்ந்த ஏரியைக் காலி ஏரி என்று நினைக்காதீர்கள். மலையாளத்தில் பாலாமையை வெள்ளாமை என்பார்கள். நமக்கு வெள்ளாமை என்றால் பயிர். வண்டி ஓட்டுபவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று பார்த்து, விளங்கும்படி சொல்லுங்கள்.

என் மகன் போர்வெல் வண்டியோடு சாம்பியா போயிருக்கிறான். நவம்பரில் அங்கே முதல் மழை பெய்ததும் வீடியோ காலில் ஒரு ஆமையைக் காட்டினான். மண்ரோட்டுக் குழியில் தேங்கிய தண்ணீரில் கையகல ஆமை. "அம்மா, இது தலையை உள்ளே இழுக்கல, பக்கவாட்டுல மடிச்சு வைக்குது பாரு" என்றான். அப்புறம் தேடிப் படித்தேன். நம் நாட்டு நன்னீர் ஆமைகள் எல்லாம் கழுத்தை நேராக உள்ளிழுப்பவை. பக்கவாட்டில் மடிக்கும் இனம் இந்தியாவில் இப்போது இல்லை. மகன் காட்டிய அந்த ஆப்பிரிக்க ஆமை மழைக்குட்டைகளில் வாழும். குட்டை வற்றினால் சேற்றில் புதையும், மழை பெய்ததும் வெளியே வந்து அடுத்த குட்டைக்கு நடந்தே போகும். தண்ணீர் குடிக்க வரும் புறாவைக்கூட இழுத்துப் பிடிக்குமாம். சேற்றில் புரளும் காண்டாமிருகத்தின் மேலிருக்கும் உண்ணிகளைக் கொத்தித் தின்பதையும் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கோடையைக் கழிக்க இரண்டுக்கும் வழி ஒன்றுதான், சேறு.

சரி, வேலைக்கு வருவோம். ஏரி முழுவதையும் ஒரே மூச்சில் வாராதீர்கள். கடைசியாக ஈரம் இருந்த மூலையாகப் பார்த்து, ஏரியில் கால்வாசியைத் தொடாமல் விடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிக் கவலை தீரும். மற்ற இடத்தில் ஒரே இழுப்பில் ஆழமாக அள்ளாமல், மேலாகச் சீவிச் சீவி எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், வாடகை கூடும், கொடுக்கலாம். வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஆளை நிறுத்தி, கொட்டுகிற மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். சேறு பூசிய ஆமை மண்கட்டி மாதிரியே இருக்கும். கடப்பாரையால் குத்திப் பார்க்கவே கூடாது.

கிடைத்தால் ஓட்டின் பின்பக்கம் இரண்டு கையாலும் பிடியுங்கள். பாலாமையின் கழுத்து நீளம், திரும்பிக் கடிக்கும். வாலையோ காலையோ பிடித்துத் தூக்காதீர்கள். முதுகில் மூன்று வரம்பு ஓடுகிற கெட்டி ஓடு இருந்தால் அது காராமை. பாலாமைக்கு வழவழப்பான முதுகு, அடியில் பின்னங்காலை மூடுகிற மடல் இருக்கும். நனைத்த சாக்கைப் போட்டு, அகலமான பேசினில் நிழலில் வையுங்கள். பேசினைத் தண்ணீரால் நிரப்பாதீர்கள், தளர்ந்துபோன ஆமை மூழ்கிச் செத்துவிடும். சாயங்காலம் அந்தத் தொடாத மூலையிலேயே விடுங்கள்.

ஓடு உடைந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் பாலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது. வளர்க்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனாலும் குற்றம்தான்.

கரை கட்டும்போது நாலு பக்கமும் செங்குத்தாகக் கல் வைக்காதீர்கள். முட்டையிட ஆமை மேட்டுக்கு ஏறியாக வேண்டும். ஒரு பக்கமாவது மண்சரிவாக இருக்கட்டும்.