பழைய டால்பின் காரை வீட்டார் துணையோடு மீட்டெடுக்கும் முறை

1982-இல் பெங்களூரில் சிபானி குடும்பத்தாரின் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டால்பின் கார், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை அடியொற்றியது. இரும்புச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் போல்ட் போட்டு முடுக்கிய ஃபைபர் (கண்ணாடியிழை) பாடி, 848 சிசி அலுமினிய எஞ்சின், பின்சக்கர இயக்கம் என்று அமைந்த இந்த வண்டியைப் பிரித்து மறுபடி பூட்டுவது, பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் ஒரு கிட் காரைக் கட்டுவதற்கு ஒப்பான வேலையாகும். தகர பாடிகள் அடியிலிருந்து அரித்துப்போகும் நீலகிரியின் ஈரத்தில் ஃபைபர் பாடி துருப்பிடிக்காமல் நிற்கும் என்பதால், பழைய கார் ஒன்றை வீட்டிலேயே மீட்க விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, மைத்துனர், பிள்ளைகள் எல்லோரும் கைகொடுத்து இத்தகைய வண்டி ஒன்றை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தோம். அதில் எங்களுக்கு உதவிய ஏற்பாடு இதுதான்: ஒரே நேரத்தில் பல கைகள் தேவைப்படும் வேலைகளை வீட்டார் எடுத்துக்கொள்ள வேண்டும், தேர்ந்த கை தேவைப்படும் வெல்டிங், லேத் வேலைகளைப் பட்டறைக்குக் கொடுத்துவிட வேண்டும், ஃபைபர் வேலைக்கான நாளை வானிலையைப் பார்த்தே குறிக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்

முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கி, அதிலுள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உதிரி பாகம் கிடைக்காமல் பலர் வேறு எஞ்சினை ஏற்றியிருப்பார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பது முக்கியம், ஏனெனில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 15 ஆண்டு கடந்த சொந்த வாகனத்தின் பதிவை, படிவம் 25 கொடுத்து, ஆய்வுக்கு வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு டி.என். 43 எண் வழங்கும் ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், விடுபட்டுப்போன பதிவைப் புதுப்பிக்க என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பதே நல்லது. 2021-இல் வந்த பழம்பெரும் (விண்டேஜ்) வாகன விதிகள் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்தவற்றுக்கே பொருந்தும் என்பதால், முதல் டால்பின்களுக்கும் அவை 2032 வரை பொருந்தா.

பிறகு கீழே படுத்து, சேசிஸைப் பார்க்க வேண்டும். மேலே பாடி பளபளவென்று இருந்தாலும், கீழே பெட்டிக் குழாய்கள் உள்ளிருந்து அரித்திருக்கும். சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்றும் அரித்த இரும்பு மொத்தென்றும் ஒலிக்கும். மொத்தென்று ஒலித்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். சக்கரத் தாங்கிகள் சேரும் இடம், பாடியைத் தாங்கச் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், மண் அப்பி ஈரம் காயாத மூலைகள் ஆகியவற்றைத் தவறவிடக் கூடாது.

பாடியைத் தூக்குதல்

இதுவே குடும்பம் முழுவதும் கூட வேண்டிய முதல் வேலை. கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் கழற்றிய ஃபைபர் பாடியை ஆறு பேர் நின்றால் கையாலேயே தூக்கி நகர்த்திவிடலாம். ஆனால் சேசிஸை விட்டுப் பிரிந்ததும் அது வளையத் தொடங்கும். ஆகவே கதவு வாய் இரண்டிலும் குறுக்கே மரச்சட்டம் வைத்துக் கட்டிய பிறகே தூக்க வேண்டும். துருவேறி இறுகிய போல்ட்டைத் தீயால் சூடாக்கிக் கழற்றுவது பட்டறைகளில் வழக்கம். ஃபைபருக்குப் பக்கத்தில் அது கூடவே கூடாது. துருநீக்கி எண்ணெயைச் சில நாள் தொடர்ந்து ஊற்றி ஊறவிட்டு, அப்போதும் அசையாவிட்டால் போல்ட் தலையை அறுத்துவிட வேண்டும்.

பாடிக்கும் சேசிஸுக்கும் இடையே ரப்பர் துண்டுகளும் தகட்டு வாஷர்களும் இருக்கும். ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் மூன்று என்று அவை சீரற்று இருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. தொழிற்சாலையில் கதவு இடைவெளியைச் சரிசெய்ய அப்படி வைத்திருப்பார்கள். பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு போல்ட் இடத்துக்கும் எண் போட்டு, அங்கே எத்தனை வாஷர், எவ்வளவு கனம் என்று எழுதவைத்து, அதே எண்ணிட்ட கவரில் அவற்றைப் போட்டுவைக்கச் சொல்ல வேண்டும். மறுபடி பூட்டும்போது கதவு ஒழுங்காகச் சாத்துவது அந்த நோட்டைப் பொறுத்ததுதான்.

சேசிஸில் வெல்டிங் வேலையை, இரும்பைச் சதுரம் பார்த்து, கோணாமல் பிடித்துவைக்கும் ஜிக்கில் பூட்டி வேலை செய்யும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படாமல் டேப் ஒட்டி அனுப்புவது அவசியம். திரும்பி வந்ததும் எபாக்ஸி பிரைமர் அடித்து, குழாய்களின் உள்ளே மெழுகு கலந்த துருக்காப்பைத் தெளித்துவிட வேண்டும்.

ஃபைபர் வேலை

ஃபைபரை ஒட்டிப் பிடிக்கும் பிசினான பாலியெஸ்டர் ரெசின் 15 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது; ஈரக் காற்றும் அதற்கு ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை, அதையடுத்து வடகிழக்கு மழை, பின்பு உறைபனி என்று ஆண்டு ஓடும் இந்த மலையில், மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில், பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட நேரமே இதற்கு ஏற்றது. அதற்கு முன் பாடியைச் சில நாள் வெயிலில் காயவைத்து, உடைந்த ஓரங்கள் வழியே ஏறிய ஈரத்தை வெளியேற்ற வேண்டும். பழைய பெயின்டை எடுக்க ரிமூவர் திரவம் பயன்படுத்தினால் அது ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டையும் தின்றுவிடும். வாட்டர் பேப்பரால் தேய்த்தெடுப்பதே பாதுகாப்பானது.

விரிசலின் இரு முனையிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, பின் ஓரங்களை உட்பக்கமாகச் சரிவாகத் தேய்த்து, விரிசலின் அகலத்தைப் போலப் பல மடங்கு பரப்புக்குப் பழைய ஃபைபரைச் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். தேய்ப்பவர் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை அணிந்திருக்க வேண்டும். முடிந்ததும் தூசி உடம்பில் பதியாமல் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும்.

இப்போது மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ரெசினை இறுகவைக்க அதனோடு இரண்டு சிறு புட்டிகள் தருவார்கள். ஊதா நிறத்தில் இருப்பது கோபால்ட் ஆக்ஸிலரேட்டர். தண்ணீர் போல் தெளிவாக இருப்பது கேட்டலிஸ்ட். இவை இரண்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். ஆக்ஸிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்டைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு புட்டி அத்தையின் பொறுப்பிலும் மற்றது சித்தப்பாவின் பொறுப்பிலும், தனித்தனி மேசைகளில் இருந்தன. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால், பிள்ளைகளை அந்த மேசைப் பக்கம் விடக் கூடாது. ரெசின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அறையைச் சூடேற்றக் கரி அடுப்பு வைக்கும் மலைவீட்டு வழக்கத்தை அன்று அறவே தவிர்க்க வேண்டும்.

ஒரு தடவைக்கு 200 கிராம் ரெசின் போதும். அதற்குக் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 விழுக்காடு, அதாவது 2 முதல் 4 கிராம். ஆக்ஸிலரேட்டரின் அளவை விற்பவர் தரும் தாளில் உள்ளபடி எடுத்துக்கொள்ள வேண்டும். இதமான வெயிலில் கலவை சுமார் 15 முதல் 20 நிமிடத்தில் கட்டியாகத் தொடங்கும் என்பதால், ஒருவர் எடைபோட்டுக் கலக்க, ஒருவர் அளவாக வெட்டிய மேட் (கண்ணாடியிழை விரிப்பு) துண்டுகளை வரிசைப்படி எடுத்துத்தர, ஒருவர் பிரஷால் நனைக்க, ஒருவர் வரிப்பள்ள உருளையால் காற்றை வெளியேற்ற, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மேட் நனைந்ததும் அதன் வெண்மை மறைந்து கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும். வெள்ளையாக ஒரு புள்ளி நின்றாலும் அங்கே காற்று இருக்கிறது என்று பொருள். மேட்டின் எடையைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ரெசின் போதுமானது. அதற்கு மேல் ஊற்றுவது பலத்தைக் கூட்டாது, நொறுங்கும் தன்மையைத்தான் கூட்டும்.

பட்டி, பிரைமர், பெயின்ட் ஆகியவற்றைப் பெயின்டரிடம் விட்டுவிடலாம். ஃபைபர் பாடி என்று முன்கூட்டியே சொல்லி, பூத்தில் அதிகச் சூடு வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

எஞ்சினும் எர்த்தும்

அலுமினிய பிளாக்கில் கழற்றக்கூடிய ஈர லைனர்கள் (வெளிப்புறம் கூலன்ட் தொடும் சிலிண்டர் உறைகள்) உட்கார்ந்திருக்கின்றன. ஹெட்டைக் கழற்றிய பின் லைனர்களை அமுக்கிப் பிடிக்கத் தகடு போடாமல் கிராங்கைச் சுற்றினால், லைனர் மேலெழும்பி அடிச் சீல் விட்டுவிடும். தண்ணீர் ஆயிலில் இறங்கும். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அலுமினியம் அரிக்கும், ஊட்டிப் பக்கத்து உறைபனி இரவுகளில் உறைந்துபோகவும் கூடும். கூலன்ட் கலந்தே ஊற்ற வேண்டும். தற்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருப்பதால், பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிட வேண்டும். கேஸ்கட், சீல் போன்றவற்றைப் பிரிட்டனில் ரிலையன்ட் உதிரிகள் விற்பவர்களிடமிருந்து வரவழைக்கலாம். பொதுவான பேரிங், குழாய், சுவிட்சுகளுக்குக் கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடலாம்.

2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென்று அமைத்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை மிகுதியாகக் கொடுக்கும். பிளக் கரிப்பிடித்துக் கறுத்திருந்தால் சிறிய ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகு) போட வேண்டும். அதே வண்டியைக் கோவையில் தொடர்ந்து ஓட்டப்போகிறவர்கள் மறுபடி பழைய ஜெட்டை மாட்ட வேண்டும்.

ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. தகர காரில் பாடியே எர்த்தாக, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக இருக்கும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் சேசிஸ் வரை போக வேண்டும், எஞ்சினிலிருந்து சேசிஸுக்குக் கனமான பின்னல் பட்டையும் வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தால், பல்பை மாற்றாமல் எர்த்தைத் தேட வேண்டும்.

பிரேக்கும் முதல் ஓட்டமும்

மலையில் இறங்கும் வண்டிக்குப் பிரேக்கைவிட முக்கியமான பாகம் கிடையாது. டிரம்களை லேத்தில் பார்த்து, புது பிரேக் லைனர் ஒட்டவைத்து, மாஸ்டர் சிலிண்டருக்கும் வீல் சிலிண்டர்களுக்கும் புதுக் கிட் போட்டு, ரப்பர் ஹோஸ்களை எல்லாம் மாற்றிவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 205 டிகிரியில் கொதிக்க வேண்டிய டாட் 3 ஆயில், ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும், அப்போது பெடல் தரைக்குப் போகும். மூடுபனி நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது மிகையான எச்சரிக்கை ஆகாது.

பிரேக் குழாய்களில் தங்கிய காற்றை எடுப்பதற்கு இருவர் தேவை. அப்பா சீட்டில் அமர, நான் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கினேன். “மிதிங்கப்பா, பிடிச்சுக்குங்க” என்று சொல்லி, சக்கரத்தில் காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து, குமிழி வந்து நின்றதும் மூடி, அதன் பிறகே “விடுங்க” என்று சொல்ல வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். ஆயில் டப்பாவின் மட்டத்தை மூன்றாமவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது.

பதிவும் காப்பீடும் கையில் வந்த பிறகு, முதலில் ஏற்ற இறக்கம் குறைந்த சாலையில் ஓட்டிப் பார்த்து, பாடி போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, பின்புதான் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் விட வேண்டும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பாதி வழியில் ஒதுக்கமான இடத்தில் நிறுத்தி நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை ஆறவிட்டு, மெதுவாக வீட்டுக்குத் திருப்பி, அந்த டிரம்மைக் கழற்றிப் பார்த்த பிறகே மறுபடி இறக்கத்துக்குப் போக வேண்டும்.