தாடை நோவுக்கு வீட்டுப் பயிற்சி: முதலில் நாக்கை இடத்தில் வையுங்கள்

போன பெரும்போக உழவு முழுக்க மெசின் மேலே பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. தை மாதம் ஒருநாள் புழுக்கொடியல் கடிக்கும்போது வலது காதுக்கு முன்னால் 'டக்' என்றது. அடுத்த நாள் வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. பல் வைத்தியர் பார்த்துவிட்டு, பல்லில் பிழை இல்லை, மூட்டும் அதைச் சுற்றியுள்ள தசையும்தான் பிரச்சினை என்று இயன்மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே பழகியதைத்தான் எழுதுகிறேன்.

அடிபட்டு வந்த நோ, திறந்த வாய் மூடாமல் நிற்பது, காய்ச்சலோடு வீக்கம் என்றால் பயிற்சி வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து தாடை நொந்தால் மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

1. சூடு. 15 நிமிடம். உப்பு வறுத்துத் துணியில் கட்டும் ஒத்தடம் எனக்குப் பிடிக்கவில்லை, ஒரே இடத்தில் சுட்டுவிடுகிறது. சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துவாய்தான் கன்னத்தோடு ஒட்டி நிற்கும்.

2. நாக்கு. இரண்டு கிழமை நான் வீணாக்கியது இங்கேதான். "நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் வையுங்கோ" என்றார்கள். நான் பல்லிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். நோ கூடியது. மூன்றாம் தடவை போனபோது இயன்மருத்துவர் அக்கா கேட்டார்: "தம்பி, நாக்கு பல்லில முட்டுதோ?" முட்டியது.

'பந்து' என்று சொல்லிப் பாருங்கள். 'ந்'இல் நாக்கு பல்லைத் தொடும். அது பிழையான இடம். 'கண்' என்றால் நுனி மடிந்து மிகவும் பின்னால் போய்விடும். அதுவும் பிழை. 'வன்னி' என்று சொல்லி 'ன்'இல் நிறுத்துங்கள். பல்லுக்குச் சற்றுப் பின்னால், முரசில் (ஈறில்) மேடாக ஓர் இடம் தட்டுப்படும். அதுதான் இடம். அப்படியே உதட்டை மூடுங்கள், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. தாடை ஓய்வாக இருப்பது இப்படித்தான். சாப்பிடாத, பேசாத நேரமெல்லாம் இதுவே இருக்க வேண்டும்.

3. திறத்தல். தாடை மூட்டு முதலில் கதவுப் பிணைச்சல் போலச் சுழலும், பிறகு முன்னால் வழுக்கும். நாக்கை மேலே ஒட்டிவைத்துத் திறந்தால் சுழல்வதோடு நின்றுவிடும், நோகிற மூட்டுக்கு அது போதும். சவரக் கண்ணாடியில் பேனையால் நெடுக்காக ஒரு கோடு போடுங்கள். நாடி கோட்டை விட்டு விலகத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். 6 தடவை, நாளுக்கு 6 முறை. இந்த ஆறுக்கு ஆறு கணக்கு சிலி நாட்டு இயன்மருத்துவர் மரியானோ ரோக்கபாடோவுடையது. ஒரேயடியாக 36 தடவை செய்வது இதற்கு ஈடாகாது. நான் செய்து பார்த்து நொந்திருக்கிறேன்.

4. தடுத்தல். நாடிக்குக் கீழே பெருவிரலை வைத்து, வாயைத் திறக்கப் பாருங்கள். விரல் மெதுவாகத் தடுக்கட்டும், தாடை அசையக் கூடாது. 6 எண்ணி விடுங்கள். பிறகு இடப்பக்கமும் வலப்பக்கமும் அதேபோல.

5. தடவல். பல்லைக் கடித்தால் கன்னத்தில் உருண்டு எழும் தசையைக் கண்டுபிடித்து, கடிப்பதை விட்டுவிட்டு வட்டமாகத் தடவுங்கள்.

வாயை நெம்பித் திறக்கும் கருவிகள் எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் மூன்று விரலே அளவு. பெரியவர்களுக்கு வாய் கிட்டத்தட்ட 40 மில்லிமீற்றர் திறப்பது வழமை. கச்சான், ஒடியல், வெற்றிலை பாக்கு கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். பாணை வெட்டிச் சாப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை: நோ போனபிறகும் சத்தம் கேட்கிறதே என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நோவில்லாமல், வாய் பூட்டாமல் வெறும் 'டக்' மட்டும் என்றால் பெரும்பாலும் வைத்தியம் தேவையில்லை. எனக்கும் இன்னும் கேட்கிறது.

கொட்டாவி வரும்போது என்ன செய்வது என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். அதே 'வன்னி' நாக்குத்தான் அம்மா. நாக்கை மேலே ஒட்டி, நாடிக்குக் கீழே பொத்திய கையை முட்டுக்கொடுங்கள், வாய் அளவுக்குமேல் திறக்காது.