1064 நானோமீட்டர் லேசரை உறிஞ்சும் சமேரியம் போரேட்: உப்பு ஃபிளக்ஸில் செய்யும் முறை

முதலில் எந்த லேசர் என்று முடிவு செய்யுங்கள், பொடியை அப்புறம் பார்க்கலாம். சமேரியம் போன்ற அருமண் தனிமங்களின் அயனிகளில் 4எஃப் எனும் உட்கூட்டு எலக்ட்ரான்களை வெளிக்கூடுகள் மறைத்துக் காப்பதால் சுற்றியுள்ள படிகம் அவற்றைப் பெரிதாக அசைப்பதில்லை. ஒளியை உறிஞ்சும் பட்டைகள் குறுகலாக, ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். அதனால் அலைநீளத்துக்கு ஏற்ற தனிமத்தைத் தேடுவதுதான் வழி: 808 நானோமீட்டர் என்றால் நியோடிமியம், 980 என்றால் இட்டெர்பியம், 1064 என்றால் சமேரியம். 1064-இல் ஒளிவிடும் நியோடிமியம் யாக் (இட்ரியம் அலுமினியம் கார்னெட் படிகம்) லேசரில் வேண்டாத பக்க அலைவை அடக்க, படிகத்தைச் சுற்றி சமேரியம் கலந்த யாக் வைப்பதும் இதனால்தான்.

சமேரியம் ஆக்சைடும் போரிக் அமிலமும் சூட்டில் வினைபுரிந்துதான் சமேரியம் போரேட் ஆகிறது. அந்த ஆக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொள்ளும். எனவே 900 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு, ஆறியதும் உடனே எடை போடுங்கள், இல்லாவிட்டால் விகிதம் தொடக்கத்திலேயே தவறிவிடும். 10 கிராம் ஆக்சைடுக்குக் கணக்குப்படி 3.55 கிராம் போரிக் அமிலம் போதும். ஆனால் சூடேறும்போது கொஞ்சம் நீராவியோடு பறந்துவிடும் என்பதால் 3.7 கிராம் போடலாம், அதற்கு மேல் அள்ளிப் போட்டால் போரான் மிகுந்த வேறு போரேட் வந்துவிடும். போரிக் அமிலத் தூசி இனப்பெருக்க நலனுக்குக் கேடு, முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

ஃபிளக்ஸுக்கு, அதாவது உருகி வினைக்கு ஊடகமாக நிற்கும் உப்புக்கு, சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும், எடையில் 44-க்கு 56. தனித்தனியே 801, 770 டிகிரியில் உருகும் இவை சேர்ந்தால் 660-ஐ ஒட்டியே உருகிவிடும். மொத்த உப்பு, மூலப்பொருள்களின் எடைக்குச் சமமாகவோ இரு மடங்காகவோ இருக்கட்டும். உப்பு வினையில் சேராது. அயனிகள் நகர வழிவிட்டு, குறைந்த வெப்பத்திலேயே முகம் தெளிந்த படிகமணிகளை வளரவிடும், அவ்வளவுதான்.

நன்றாக அரைத்துக் கலந்து அலுமினா மூசையில் பாதிவரை நிரப்பி மூடி போடுங்கள். 300 டிகிரிவரை மெதுவாக ஏற்றுங்கள், போரிக் அமிலம் நீரை விடும்போது பொங்கும். பிறகு 850, நான்கு மணி நேரம் என்று தொடங்கிப் பார்க்கலாம். அதற்கு மேலே போகப் போக உப்பு ஆவியாகி உலையின் சூடேற்றிக் கம்பியைத் தின்னும். மெதுவாக ஆறவிட்டால் மணிகள் இன்னும் பெரிதாகும்.

கட்டியாக இறுகியதை வெந்நீரில் ஊறவிட்டு, அயனி நீக்கிய நீரால் கழுவிக்கொண்டே இருங்கள். வடிநீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்மையாகக் கலங்காத வரை உப்பு போகவில்லை என்றுதான் பொருள்... இல்லை, மாற்றிச் சொல்லிவிட்டேன், கலங்கினால்தான் உப்பு மிச்சம். அவசரத்தில் அமிலம் ஊற்றாதீர்கள், போரேட்டே கரைந்துவிடும். 120 டிகிரியில் உலர்த்தி எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) எடுத்து, ஆக்சைடின் கோடுகள் மிச்சமில்லை என்று பாருங்கள்.

பலர் சறுக்குவது இதற்கு அப்புறம். பொடி இன்னும் நைசாக இருந்தால் நல்லது என்று நினைத்து மறுபடி அரைப்பார்கள். மணி சிறுத்தால் ஒளி உள்ளே அதிக தூரம் போகுமுன்பே சிதறித் திரும்பிவிடும், 1064-இல் எதிரொளிப்பு குறையாமல் ஏறும். அரைப்பது மணிகளின் படிக ஒழுங்கையும் கெடுக்கும். ஃபிளக்ஸ் வளர்த்துத் தந்த மணிகளை அப்படியே விடுங்கள், பெயிண்டிலோ பிளாஸ்டிக்கிலோ கலக்க அளவு வேண்டுமென்றால் உப்பின் அளவையும் சூட்டையும் மாற்றி அங்கேயே சரிசெய்யுங்கள்.

சிதறும் ஒளியைச் சேர்த்துப் பிடிக்கும் ஒருங்கிணைப்புக் கோளம் பொருத்திய நிறமாலைமானியில், பேரியம் சல்பேட்டை ஒப்பீடாக வைத்து எதிரொளிப்பை அளவிடுங்கள். உறிஞ்சலின் உச்சம் 1064-இலேயே உட்காராமல் கொஞ்சம் தள்ளி இருக்கலாம், எனவே எதிரொளிப்புக் கோட்டில் பள்ளத்தின் அடியைப் பார்த்து மகிழாமல் 1064-க்கு நேரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லேசரையே பொடிமேல் அடித்துப் பார்ப்பதானால் அதற்கான கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது.