லயத்து வீட்டுச் சாமான்களை வைத்து ஒரு கண்காட்சி

மூணாறு நல்லதண்ணியில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இயந்திரங்களையும் துரைமார் காலத்துப் போட்டோக்களையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்வது போடியிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும், ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணி பின்னால் தோட்ட வேலைக்கு மலையேறி வந்து, லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களின் சாமான்களை. பள்ளிக்கூட ஹால் ஒன்று கிடைத்தால் போதும். எங்கள் எஸ்டேட்டில் அப்படித்தான் வைத்தோம்.

மழைக்காலத்தில் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும், காகிதம் பூஞ்சை பிடிக்கும். பொங்கலை ஒட்டி வைத்தால் கோயம்புத்தூர், திருப்பூர் என்று வேலைக்குப் போன பிள்ளைகளும் வந்திருப்பார்கள்.

வீடு வீடாகப் போகும்போது “பழைய சாமான் இருக்கா?” என்று கேட்டால் “அதெல்லாம் இல்லம்மா” என்றுதான் பதில் வரும். “அத்தை, உங்க மாமியா எந்த வழியா வந்தாங்க? கையில என்ன கொண்டாந்தாங்க?” என்று கேளுங்கள். அடிவாரத்துக் குரங்கணி வழியாக மலைமேலே டாப் ஸ்டேஷனுக்கு நடந்த கதை வரும்; பேச்சு முடிவதற்குள் பரணிலிருந்து ஏதாவது இறங்கும்.

பித்தளைப் பாத்திரம் வந்தால் விடாதீர்கள். எங்கள் அப்பத்தாவின் குடத்தில் கழுத்தோரம் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறது: அவர் பேர், அவருடைய அப்பா பேர், கீழே சின்னமனூர். எஸ்டேட் செக்ரோலில் (வேலையாட்களின் பேர்ப் பதிவேடு) கூட அவர் ஊர் இல்லை, குடத்தில் இருக்கிறது. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். “புளி போட்டுத் துலக்கித் தர்றேன்” என்பார்கள். கையைப் பிடித்துத் தடுங்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும்.

பழைய போட்டோவை லேமினேட் செய்யவே கூடாது. கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல், பிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து, பிரதியைச் சுவரில் மாட்டுங்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள். ஆல்பமும் பத்திரமும் அவர்களோடு போயின. அதனால் கண்காட்சியில் வைக்காததையும் சேர்த்துப் படமெடுங்கள். அந்தக் குடும்பங்களிடம் மட்டும் நீங்களாகப் போய்ப் பொருள் கேட்காதீர்கள்.

வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ரெண்டு ரசீது. ரசீது எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி நூலால் கட்டுங்கள், பொருளின் மேல் பேனா படவேண்டாம்.

குறிப்பு எழுதுவதில்தான் பலரும் சோம்பல்படுவார்கள். ‘கம்பளி, பழையது’ என்று எழுதினால் யார் நின்று படிப்பார்கள்? எங்கள் அம்மாவின் கம்பளிக்குக் கீழே அவர் சொன்னதையே எழுதினேன்: “நனைஞ்சா ஒரு ஆள் கனம் இருக்கும். அதோடதான் கொழுந்து எடுத்தோம்.” ஐந்தாறு வரி, பெரிய எழுத்து, தமிழிலும் மலையாளத்திலும். மலையாளத்தைத் தெரிந்த ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கள். போனில் மொழிபெயர்த்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆண்டுகளுக்கு ஒரு சுவர் போதும். 1924-இல் மூணாறு மலையில் ஓடிய குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போன வெள்ளம் (கிழவர்களுக்கு அது தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்; மலையாளக் கொல்லம் ஆண்டு 1099). 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு சேர்ந்தது. 2015-இல் போனஸ் குறைந்ததற்கும் 232 ரூபாய் தினக்கூலிக்கும் எதிராகப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்த ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) போராட்டம். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரையே அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அவர் இருக்கும் இடத்தில் குறிப்பு அட்டை தேவையில்லை.

முளைப்பாரி, கும்மி, தாலாட்டு இதெல்லாம் மேஜையில் அடுக்குகிற சங்கதி இல்லை. சாயங்காலம் நடுவில் இடம் விட்டு, மைக் இல்லாமல் பாடச் சொல்லுங்கள். மைக்கைக் கண்டால் பாதிப் பேர் சினிமாப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

முடிந்த அன்றைக்கே பொருள்களைத் திருப்பிக் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். கூடவே போட்டோப் பிரதி ஒன்றும் கொடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் அடுத்த வருஷம் ஒரு டம்ளர்கூட எவரும் தரமாட்டார்கள்.