வெள்ளகவிக்கு நடந்து செல்வது எப்படி?

கொடைக்கானல் மலையின் தென்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தைத் தேடும்போது முதலில் குழப்புவது அதன் பெயர்தான். வெள்ளகெவி, வெள்ளக்கெவி என்றும் எழுதுகிறார்கள் என்பதால், இணைய வரைபடத்தில் மூன்று வடிவங்களையும் தட்டிப் பார்ப்பது நல்லது. நிர்வாகத்தில் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் கீழ்ப்பாதை தேனி மாவட்டத்தின் கும்பக்கரையில் போய் இறங்குகிறது. வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஆளும் பொதிக்குதிரையும் ஏறிய பழைய தடங்களில் இதுவும் ஒன்று.

முதன்முறை செல்பவர்கள் மேலிருந்து, அதாவது கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து இறங்குவதே உசிதம். சொந்த வாகனத்தில் கொடைக்கானலுக்குச் செல்வோர் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) எடுக்க வேண்டும்; அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அது தேவையில்லை. சுற்றுலாப் பயணிகள் வட்டக்கானலிலிருந்து இறங்கும் வழியில் உள்ள டால்பின் நோஸ் பாறையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நம் பாதை அங்கிருந்துதான் உண்மையில் தொடங்குகிறது. இந்த மலைப்பகுதியில் 2013-இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம் இருப்பதால், பாதையின் நிலையையும் அனுமதியையும் முந்தைய நாளே வனத்துறையிடம் கேட்டுவிட்டு, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக, கூலி பேசி, அழைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை; நெருங்கினால் சரிவு செங்குத்து என்று பொருள்) நெருங்கி நிற்பதைப் பார்த்தாலே, இறங்கும்போது முழங்காலும் ஏறும்போது மூச்சும் படப்போகும் பாடு விளங்கிவிடும். தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். விடியலில் புறப்பட்டால்தான் இருட்டுவதற்குள் திரும்பி ஏற முடியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேர்களும் கற்களும் வழுக்கும், அட்டையும் கடிக்கும் என்பதால், ஜனவரிக்குப் பின் செல்வதே மேல். எதிரே பொதிக்குதிரை வந்தால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலையை ஒட்டி நின்று வழிவிடுங்கள். மூட்டை இடித்து மலைப்பக்கம் விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஊருக்குள் பல கோயில்கள் இருக்கையில் தெருவில் செருப்பணிவது தகாது என்பது ஊர்க்காரர்களின் வழக்கம். காலணியின் கயிறுகளை முடிச்சிட்டுப் பையில் தொங்கவிட்டுக்கொண்டால், எலுமிச்சை, காப்பித் தோட்டங்களின் வழியே ஊரைத் தாண்டிக் கும்பக்கரைக்கு இறங்குவதானாலும் அதை எடுக்கத் திரும்பி வரவேண்டியதில்லை.